மீண்டும் ஒரு வருடம்: நாமக்கல் நீட் விடுதியில் தாக்குப்பிடிப்பது எப்படி?

ஒவ்வொரு ஜூன் மாதமும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண், ஆனால் நீட் தேர்வில் சில மதிப்பெண் குறைந்து மருத்துவ இடம் கைவிட்டுப் போயிருக்கும். "இன்னும் ஒரு வருடம் நாமக்கல்லில் போட்டுப் பார்க்கலாமா?" என்று பிள்ளை கேட்கும். அத்தா கையிருப்பைக் கணக்குப் போடுவார். அம்மா நகையை நினைத்துக்கொள்வார். உறவினர் ஒருவர் "போன வருடம் எங்கள் தெருப் பையன் இரண்டாம் தடவையில் சீட் வாங்கிவிட்டான்" என்பார். ஒரு வாரத்துக்குள் பெட்டி கட்டியாகிவிடும்.

பெட்டி கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. கல்லூரிக்குப் போகும் முன் ஒரு முழு ஆண்டைப் பயிற்சிக்கு என்றே ஒதுக்குவது சிறிய முடிவு அல்ல. அதில் பணமும் போகிறது, 18 வயதின் ஒரு வருடமும் போகிறது. சரியாகத் திட்டமிட்டால் அந்த வருடம் வாழ்க்கையை மாற்றும். திட்டமில்லாமல் போனால் பிள்ளையை உடைத்துவிடும். இரண்டையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நாமக்கல் எப்படி இந்த இடத்துக்கு வந்தது?

முட்டைக்கும் லாரிக்கும் பெயர் பெற்ற ஊர் நாமக்கல். ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது திருச்செங்கோடு. இந்த வட்டாரமும் ராசிபுரமும் கடந்த முப்பது ஆண்டுகளில் இன்னொரு தொழிலுக்கும் பெயர் வாங்கின. அதுதான் விடுதியுடன் கூடிய பள்ளிகள். மாநில ரேங்க் பட்டியலில் இந்தப் பகுதிப் பள்ளிகளின் பெயர் வரிசையாக வந்த காலம் ஒன்று இருந்தது. தென் மாவட்டங்களில் இருந்தும் டெல்டாவில் இருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன் பிறகு 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே மனப்பாடம் செய்ய வைக்கும் பழக்கம் பல தனியார் பள்ளிகளில் வேரூன்றியது. 2017-ல் நீட் வந்தபோது இந்தப் பழக்கத்தின் விலை தெரிந்தது. நீட் கேள்விகளில் கணிசமான பங்கு 11-ஆம் வகுப்புப் பாடத்தில் இருந்து வருகிறது. அந்த அடித்தளமே இல்லாமல் பிள்ளைகள் தேர்வறைக்குப் போனார்கள். அதே 2017-ல் ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டில் அந்தத் தேர்வு மீண்டும் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் 11-ஆம் வகுப்பில் அலட்சியம் வந்துவிடக்கூடாது என்பதைப் பெற்றோர் இப்போதே மனதில் வைக்க வேண்டும்.

ரேங்க் காலம் முடிந்ததும் இந்தப் பகுதியின் விடுதிகளும் வகுப்பறைகளும் நீட் பயிற்சிக்குத் திரும்பின. மீண்டும் எழுதுபவர்களுக்கு என்று தனி வகுப்புகள் தொடங்கின. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் அரசிடம் கொடுத்த அறிக்கை ஒரு முக்கியமான மாற்றத்தைப் பதிவு செய்தது. 2016-17-ல் தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை முயன்றவர்கள் சுமார் 12 சதவீதம். 2020-21-ல் அது சுமார் 71 சதவீதம். முதல் முயற்சியிலேயே இடம் பெறுவது சிறுபான்மையாகிவிட்டது. முதல் தடவை கிடைக்கவில்லை என்பதால் பிள்ளை மக்கு என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்று இந்த ஒரு கணக்கே சொல்லும்.

தகுதி வேறு, சீட் வேறு

நம் மக்களிடம் அடிக்கடி காணும் குழப்பம் இது. "நீட் பாஸ் ஆகிவிட்டான், ஆனால் சீட் கிடைக்கவில்லை" என்பார்கள். நீட்டில் தகுதி பெறுவது என்பது கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் உரிமை மட்டும்தான். 2025-ல் நாடு முழுவதும் சுமார் 22 லட்சம் பேர் எழுதி 12 லட்சத்துக்கும் அதிகமானோர் தகுதி பெற்றார்கள். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1.2 லட்சம். அதாவது தகுதி பெற்ற பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இடம். அதிலும் சாதாரணக் குடும்பத்தால் கட்ட முடிந்த கட்டணத்தில் இருக்கும் அரசு இடங்கள் இன்னும் குறைவு.

மதிப்பெண்ணையும் தனியாகப் பார்க்கக்கூடாது. 2024-ல் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 162. 2025-ல் இயற்பியல் கேள்விகள் கடினமாக இருந்ததால் அது 144-க்கு இறங்கியது. 2024-ல் பலர் 720-க்கு 720 வாங்கினார்கள். 2025-ல் நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686தான். ஆகவே "போன வருடம் 550-க்குக் கிடைத்தது, எனக்கு 500 வந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்று யாரும் உடைந்துபோக வேண்டாம். தரவரிசையும், நம் பிரிவில் கடைசி இடம் எந்த வரிசையில் முடிந்தது என்பதும்தான் பார்க்க வேண்டியவை.

யார் இன்னொரு வருடம் போடலாம்?

மூன்று கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: டாக்டராக விரும்புவது யார்? பிள்ளையா, நாமா? ஊர் என்ன சொல்லும் என்பதற்காக அனுப்பப்படும் பிள்ளை விடுதியில் மூன்று மாதம்கூடத் தாங்காது.

இரண்டாவது: முதல் தடவை ஏன் குறைந்தது? பிளஸ் டூ தேர்வுக்குப் பிறகு கிடைத்த சில வாரங்களில் மட்டும் படித்துவிட்டு எழுதிய பிள்ளைக்கு முழு ஆண்டுப் பயிற்சி பெரிய மாற்றம் தரும். ஏற்கெனவே இரண்டு வருடம் தீவிரமாகப் படித்தும் ஓரிடத்திலேயே நிற்கும் பிள்ளைக்கு அதே வகையான இன்னொரு வருடம் எதைத் தரும் என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது: எத்தனை முறை? நீட்டுக்கு முயற்சி வரம்பு இல்லை, உச்ச வயது வரம்பும் இல்லை. சட்டம் வரம்பு வைக்காததால் குடும்பம்தான் வைக்க வேண்டும். "இந்த ஒரு வருடம் முழு மூச்சாக. அதற்குப் பிறகு எது கிடைக்கிறதோ அதில் சந்தோஷமாகச் சேர்வோம்" என்று சேர்வதற்கு முன்பே பேசி முடிவு செய்தால், பிள்ளையின் தலையில் இருக்கும் பாரம் பாதி இறங்கிவிடும்.

வறுமை தடையாக இருந்தும் இந்த வழியில் ஜெயித்தவர்கள் உண்டு. தேனி மாவட்டம் சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்த, ஆடு மேய்ப்பவரின் மகனான ஒரு மாணவர் முதல் முறை இடம் கிடைக்காமல், பலரின் உதவியுடன் ஓராண்டு பயிற்சி பெற்று, 2020-ல் 664 மதிப்பெண் எடுத்தார். அதே 2020-ல்தான் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் சட்டமானது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் மறுமுறை எழுதினாலும் இந்த ஒதுக்கீட்டைக் கேட்கலாம். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

அந்த வருடம் எப்படி நகரும்?

விடுதி வாழ்க்கை பெரும்பாலும் ஒரே அச்சுதான். விடியும் முன் எழுந்து படிப்பு, காலை முதல் வகுப்பு, மாலையில் பயிற்சித் தாள், இரவு மேற்பார்வையில் படிப்பு, வார இறுதியில் ஓ.எம்.ஆர். தாளில் தேர்வு. வெளியில் போக அனுமதி குறைவு. கைப்பேசி கிடையாது. வீட்டுக்குப் பேச வாரத்தில் சில நிமிடங்கள்.

முதல் மாதம் உற்சாகமாகப் போகும். ஏற்கெனவே படித்த பாடம் என்பதால் எல்லாம் எளிதாகத் தெரியும். சோர்வு அதன் பிறகுதான் வருகிறது. கூடப் படித்தவர்கள் கல்லூரிப் படங்களை அனுப்பும் மாதங்கள் அவை. வாரத் தேர்வில் மதிப்பெண் ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கும். "இங்கு வந்ததே தப்பு" என்று தோன்றும். பலர் மூட்டை கட்டுவது இந்தக் கட்டத்தில்தான். இப்படி ஒரு கட்டம் எல்லோருக்கும் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், வரும்போது பயம் குறையும். பாடம் முழுவதும் முடிந்து திருப்புதல் தொடங்கும்போதுதான் மதிப்பெண் பொதுவாக மேலே நகரத் தொடங்குகிறது.

தாக்குப்பிடிக்க உதவும் சில பழக்கங்கள் இவை:

ஒன்று, தவறுகளுக்கு என்று ஒரு நோட்டு. ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் தவறிய கேள்வியை எழுதி, பாடம் தெரியாததால் தவறியதா, கணக்கில் சறுக்கியதா, கேள்வியைச் சரியாகப் படிக்காததா என்று குறிக்க வேண்டும். நீட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். ஆகவே தெரிந்த கேள்வி ஒன்றில் சறுக்கினால் இழப்பு 5 மதிப்பெண். அப்படிப் பத்துக் கேள்விகளைத் திருத்திக்கொண்டால் 50 மதிப்பெண். புதிதாக ஒரு பாடமும் படிக்காமல் கிடைக்கும் 50 அது.

இரண்டு, நேரக் கணக்கு. 180 நிமிடத்தில் 180 கேள்விகள். 90 உயிரியல் கேள்விகளை 45 முதல் 50 நிமிடத்தில் முடிக்கப் பழகினால், இயற்பியல், வேதியியலின் 90 கேள்விகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் கிடைக்கும். மொத்த மதிப்பெண்ணில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு. அதற்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரி விடாமல் படிப்பதற்கு மாற்று இல்லை.

மூன்று, தூக்கம். இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பது பெருமை அல்ல. படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். ஆறேழு மணி நேரத் தூக்கத்தைக் குறைத்து வாங்கும் நேரம் மறுநாள் வகுப்பில் வீணாகிவிடும்.

நான்கு, ஒப்பிடாமல் இருப்பது. பக்கத்துக் கட்டில் மாணவனின் மதிப்பெண்ணோடு அல்ல, போன மாதத்துத் தன் மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டும்.

தொழுகை, நோன்பு, சாப்பாடு

நம் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் கூடுதலாகச் சில கேள்விகள் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக அனுமதி உண்டா? ஐவேளைத் தொழுகைக்கு இடம் இருக்கிறதா? அசைவம் எங்கிருந்து வாங்குகிறார்கள்? நோன்பு காலத்தில் ஸஹருக்கு உணவு தருவார்களா? இவற்றைச் சேர்க்கும்போதே அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். சேர்ந்த பிறகு பிள்ளை தனியாகப் போய்க் கேட்கத் தயங்கும். முன்பே மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சேலம் என்று எல்லா ஊர்களிலும் பள்ளிவாசல்களும் நம் குடும்பங்களும் இருக்கின்றன. உள்ளூர் ஜமாஅத்தில் ஒருவரின் தொடர்பு எண்ணை வாங்கிவைத்தால் அவசரத்துக்கு உதவும்.

இந்த ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. திருப்புதல் தேர்வுகள் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. நோன்பு நோற்றுக்கொண்டே படிக்கும் பிள்ளைகள் ஏராளம். கடினமான பாடத்தை ஸஹர், ஃபஜ்ரைத் தொடர்ந்து வரும் நேரத்துக்கும், எளிய திருப்புதலைப் பிற்பகலுக்கும் மாற்றிக்கொள்கிறார்கள். உடல்நலம் சரியில்லாதவர்கள் மருத்துவரையும் ஆலிமையும் கேட்டு முடிவெடுக்கலாம். ஃபஜ்ருக்கு எழும் பழக்கமுள்ள பிள்ளைக்கு விடுதியின் அதிகாலை நேரம் புதிதாக இருக்காது என்பதும் ஒரு நன்மைதான்.

பொறுமை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். செய்ய வேண்டியதை நாள் தவறாமல் செய்துவிட்டு, முடிவை இறைவனிடம் ஒப்படைப்பதே பொறுமையும் தவக்குலும். இந்தப் பாடத்தை மனதில் ஏற்றியவருக்குத் தேர்வு முடிவு எப்படி வந்தாலும் அந்த ஒரு வருடம் வீணாகாது.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

விடுதி, சாப்பாடு, பயிற்சி எல்லாம் சேர்ந்து பல இடங்களில் கட்டணம் லட்சத்தைத் தாண்டும். வட்டிக்கு வாங்கியோ, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தோ கட்டும் நிலை வந்தால், அந்தக் கடன் பிள்ளையின் மனதில் ஏறிவிடும். ஊர் பைத்துல்மாலையும் கல்வி உதவி அறக்கட்டளைகளையும் முதலில் அணுகலாம்.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி வகுப்பு நாளொன்றுக்கு 5 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும், விடுமுறைக்கு மறுநாள் தேர்வு வைக்கக்கூடாது. இடையில் விலகினால் மீதமுள்ள காலத்துக்கான கட்டணத்தை, விடுதிக் கட்டணம் உட்பட, 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். சீட் உறுதி என்று விளம்பரம் செய்யக்கூடாது. இவை வழிகாட்டு நெறிகள்தான், எல்லா இடத்திலும் அமலில் இருக்கின்றன என்று சொல்ல முடியாது. ஆனாலும் இவற்றை வைத்துக் கேள்வி கேட்கலாம். கட்டணம் திரும்பக் கிடைக்கும் விதிமுறையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பலகையில் சிரிக்கும் முகங்களை மட்டும் பார்க்காமல், மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அரசு இடம் கிடைத்தது என்று கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி புரிந்துவிடும்.

சான்றிதழில் கோட்டை விடாதீர்கள்

வருடம் முழுவதும் உழைத்துவிட்டுச் சான்றிதழில் தவறுபவர்கள் உண்டு. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் இருக்கிறது. அதற்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் போதும். ஆனால் அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அங்கே ஓ.பி.சி.க்கு 27 சதவீதம். அதற்கு மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் அல்லாதவர் என்ற சான்றிதழ் தனியாக வேண்டும். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றல்ல என்பதால், உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே விண்ணப்பத்தில் குறிக்க வேண்டும். இருப்பிடச் சான்றிதழையும் சேர்த்து, இவற்றை விடுதியில் சேரும் காலத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்துவிடுவது நல்லது.

இன்னொரு கதவும் திறந்தே இருக்கட்டும்

நீட் இல்லாமலேயே மரியாதையான படிப்புகள் இருக்கின்றன. நாமக்கல்லிலேயே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதன் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. வேளாண்மை, செவிலியர், மருந்தியல், மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளில் பல, பொறியியல் ஆகியவை பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைப்பவை. இவற்றுக்கு விண்ணப்பித்து வைப்பது நம்பிக்கைக் குறைவு அல்ல. மாற்று வழி கையில் இருக்கும் பிள்ளை தேர்வறையில் பதற்றமில்லாமல் உட்காரும்.

மதிப்பெண்ணைவிடப் பெரியது

கடைசியாக, கனத்த மனதோடு சொல்ல வேண்டிய ஒன்று. 2021 செப்டம்பர் 12, நீட் நாள். சேலம் மாவட்டம் மேட்டூர் அருகே, மூன்றாவது முறை எழுதவிருந்த 19 வயது மாணவர் ஒருவர் தேர்வுக்கு முன்பே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுநாள் சட்டமன்றத்தில் நீட் விலக்கு மசோதா நிறைவேறியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். அரசியலும் வழக்கும் அதன் பாதையில் போகட்டும். நம் வீட்டுப் பிள்ளையைப் பாதுகாப்பது நம் பொறுப்பு.

வாரம் ஒருமுறை பேசும்போது முதல் கேள்வி "எத்தனை மார்க்?" என்று இருக்க வேண்டாம். "சாப்பிட்டாயா? தூங்கினாயா?" என்று கேளுங்கள். பேச்சு குறைவது, சாப்பாடு இறங்காமல் இருப்பது, தூக்கம் வராதது, "என்னால் எல்லோருக்கும் செலவு" என்று அடிக்கடி சொல்வது, இவை தெரிந்தால் உடனே நேரில் போய்ப் பாருங்கள். தேவையென்றால் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். அரசின் டெலி மானஸ் 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 என்ற எண்ணிலும் எந்த நேரத்திலும் ஆலோசனை பெறலாம். பிள்ளையும் பேசலாம், பெற்றோரும் பேசலாம். நூறு மாணவர்களுக்கு மேல் இருக்கும் நிறுவனங்களில் மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்றும், மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்து அவமானப்படுத்தக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கூறியிருக்கிறது. விடுதியில் ஆலோசகர் யார் என்று கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று விடுதி அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் ஒரு வருடத்தை இழக்கவில்லை. நாள் தவறாமல் உழைப்பது எப்படி என்று கற்றுக்கொள்கிறீர்கள். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அது கூடவே வரும். மருத்துவர் ஆனாலும், வேறு துறைக்குப் போனாலும் நம் சமுதாயத்துக்கு நீங்கள் வேண்டும். உங்கள் உழைப்புக்கு வல்ல இறைவன் நற்பலன் தருவானாக.